உடுக்கை அடித்தவர் பெயர் திரையில் வருமா?

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதை 1965-இல் காங்கேயம் பக்கம் ஒலிநாடாவில் ஏறியது. கனடாவில் கார்ட்டூன் ஆனது. 2011-இல் சினிமாவாகவும் வந்தது. நாட்டார் வீரர்களையும் தொடர்கதை நாயகர்களையும் தென்னிந்திய சினிமா மறுபடி தேடிவரும் நேரம் இது. திருப்பூர்ச் சீமைக்கும் இதில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.

நள்ளிரவு தாண்டிவிட்டது. காங்கேயத்துக்குக் கிழக்கே பனைமரங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊர். கோயில் வாசலில் பம்பைச் சத்தம் சட்டென்று நிற்கிறது. உடுக்கை மட்டும் விம்முகிறது. பாடகர் குரலைத் தாழ்த்துகிறார். கதையில், அண்ணன்மாரில் இளையவனான சங்கர் தன் வாளை மண்ணில் ஊன்றிவிட்டான்.

கூட்டத்தின் நடுவே ஒருவர் வெட்டிய வாழையாய்ச் சாய்கிறார். அவரைத் தாங்கிப் பிடிப்பதற்குள் இன்னொருவர். அந்தப் பக்கம் மூன்றாமவர். எல்லாரையும் வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டியால் மூடுகிறார்கள். பெண்கள் ஒப்பாரி எடுக்கிறார்கள். வேட்டிக்கு அடியில் கிடப்பவர்களில் ஒருவர், சாயங்காலம் வரை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தவர். வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்தவர்.

அண்ணன்மாரின் தங்கை தங்காளாக வரும் பெண் செம்புத் தண்ணீரோடு நடந்து வருகிறாள். தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்புகிறாள். செத்துக் கிடந்தவர்கள் எழுகிறார்கள். கூட்டம் கும்பிடுகிறது. இதற்குப் படுகளம் என்று பெயர். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு அவர் மறுபடி மிஷினில் இருப்பார்.

சுற்றி நிற்கும் இளைஞர்களின் கையில் செல்போன் வெளிச்சம். ‘லோகா’ பார்த்தவர்கள், ‘காந்தாரா’வை இரண்டு முறை பார்த்தவர்கள் அவர்கள். நம்ம கதையை எப்போது இப்படி எடுப்பார்கள் என்பதுதான் அவர்களுடைய பேச்சு. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால், எடுத்தால் என்னவாகும் என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

பன்றியும் நாய்க்குட்டியும்

என் அம்மாயி சொன்ன கதையில் சங்கரைவிடப் பெரிய வீரர் ஒரு குட்டி நாய். பெயர் பொன்னாச்சி. வேடுவர்கள் வளர்த்த கொம்பன் என்ற காட்டுப்பன்றி வயலையும் கரையையும் உழுது நாசமாக்கும். வீரர்கள் திணறும்போது, யாரும் மதிக்காத பொன்னாச்சிதான் போய் அதைக் கடித்து வீழ்த்த வழிசெய்யும். “அப்புறம் என்னாச்சுங்க அம்மாயி?” என்று கேட்டால், “படுத்துத் தூங்கு சாமி, நாளைக்குச் சொல்றேன்” என்பார். அந்த நாளை வர ஒரு வாரம் ஆகும்.

முழுக்கதை சுருக்கமாக இது. வளநாட்டில் குன்னுடையாக் கவுண்டர், தாமரை நாச்சியார் தம்பதிக்கு நெடுநாள் பிள்ளையில்லை. தாமரை தவமிருந்து பெற்ற வரத்தால் பொன்னர், சங்கர் என்ற ஆண்பிள்ளைகளும் அருக்காணித் தங்காள் என்ற மகளும் பிறக்கிறார்கள். பங்காளிப் பகை, தலையூர்க் காளியோடு பகை, வேடுவரோடு பகை. தங்கை ஆசைப்பட்ட கிளிக்காக ஒரு சண்டை, பன்றிக்காக ஒரு சண்டை. கடைசியில் மாயவர் (திருமால்) விட்ட அம்பால் தன் காலம் முடிந்ததை உணர்ந்து சங்கர் தன் வாளிலேயே விழுகிறான். அண்ணனும் பின்தொடர்கிறான். தங்காள் படுகளத்துக்கு வந்து அவர்களை ஒரு கணம் எழுப்புகிறாள்.

மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் பெரியகாண்டியம்மன் கோயில் வேடபரி இந்தக் கதையின் பெருவிழா. கொங்கில் காங்கேயம், தாராபுரம், கரூர், ஈரோடு என்று ஊர் ஊராக இது உடுக்கடிப் பாட்டாக உலவுகிறது. ஒருவர் உடுக்கை அடித்துப் பாடுவார், ஒருவர் பின்பாட்டு. கதை ஒரே இரவில் முடியாது. பதினெட்டு இரவு பாடுவது வழக்கம்.

ஓலப்பாளையத்தில் ஒரு டேப் ரெக்கார்டர்

1964-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு மாணவியாக பிரெண்டா பெக் என்ற இளம்பெண் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்துக்கு வந்து குடியேறினார். கொங்கு நாட்டின் சாதி, குடும்பம், நிலம் ஆகியவற்றை ஆராய வந்தவர் அவர். 1972-இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. ஆனால் அவரை வாழ்நாள் முழுக்க இழுத்துப் பிடித்தது வேறொன்று. 1965-இல் அந்த ஊரில் ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் இரவு இரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை அவர் ஒலிநாடாவில் பதிந்தார். பதினெட்டு இரவுகள், ஏறக்குறைய நாற்பது மணி நேரம்.

அதே பாடகர் அதே கதையைக் கூட்டமில்லாமல் சொல்ல, ஒருவர் உட்கார்ந்து எழுதியதும் உண்டு. இரண்டும் ஒன்றாக இல்லை. எதிரே சனம் இருந்தால் கதை விரியும், சிரிக்கும், வசைபாடும். தாளில் இறங்கும்போது கட்டுப்பெட்டியாகிவிடும். இந்த வேறுபாட்டை ஆராய்ந்து 1982-இல் பெக் ஒரு நூல் எழுதினார். பாடலின் முழு வடிவம், பாடியவர் பெயரோடு, 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

தமிழ்நாட்டில் பெக்கின் நூல்களுக்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. கவிஞர் சக்திக்கனல் ஏட்டுச்சுவடியிலிருந்து ‘அண்ணன்மார் சுவாமி கதை’யை 1971-இல் பதிப்பித்தார். கொங்கு வீடுகளில் அட்டை கிழிந்து, ரப்பர் பேண்ட் போட்டுப் பாதுகாக்கப்படும் புத்தகம் அது.

பெக் அதோடு நிற்கவில்லை. கனடாவில் ஓர் அறக்கட்டளை வழியாக, தமிழ் ஓவியக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, இந்தக் கதையை 26 பகுதிகள் கொண்ட கார்ட்டூன் தொடராக்கினார். கனடாவின் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. படக்கதைப் புத்தகங்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தன. பொன்னாச்சி என்ற குட்டி நாய் டொரன்டோவில் ஒரு குழந்தைக்குத் தெரியும். திருப்பூரில் அங்கேரிபாளையத்துப் பிள்ளைக்கு அது தெரியுமா? என் தெருவில் கேட்டுப் பார்த்தேன். தெரிந்த பிள்ளை ஒன்றும் இல்லை.

*பெட்டிச் செய்தி*
அண்ணன்மார் கதை: குரலிலிருந்து திரைவரை
1965: ஓலப்பாளையத்தில் ராமசாமி பாட, பிரெண்டா பெக் பதிவு செய்கிறார்.
1971: சக்திக்கனல் பதிப்பித்த ‘அண்ணன்மார் சுவாமி கதை’.
1982, 1992: பெக்கின் ஆய்வு நூலும், பாடலின் முழு வடிவமும்.
2009: காங்கேயம், தாராபுரம், உடுமலை பகுதிகளைச் சேர்த்துத் திருப்பூர் தனி மாவட்டமாகிறது. ஓலப்பாளையம் திருப்பூர் மாவட்டத்துக்குள் வருகிறது.
2011: மு. கருணாநிதியின் நாவலை வைத்துத் தியாகராஜன் இயக்கிய ‘பொன்னர்-சங்கர்’ திரைப்படம்.

சாயம் நின்ற ஆண்டில் வந்த படம்

‘பொன்னர்-சங்கர்’ 2011 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலை ஒட்டி வெளியானது. இரண்டு வேடங்களிலும் பிரசாந்த். இளையராஜா இசை. தாமரை நாச்சியாராகக் குஷ்பு, அருக்காணியாக ஸ்நேகா. கதை கருணாநிதியுடையது. தெய்வக் கதையாக உலவியதை அவர் சரித்திர நாவலாகச் சொல்லியிருந்தார்.

படம் ஓடவில்லை. தோல்விக்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். எனக்குப் பட்டது இது: கோட்டையும் குதிரையும் அரண்மனையும் பெரிதாக இருந்தன, மண் இல்லை. கம்பங்காடும் மாட்டுப்பட்டியும் வரப்புத் தகராறும்தான் இந்தக் கதையின் உயிர். கொங்கு மனிதன் பொன்னரைத் தன் பங்காளியாகத்தான் பார்க்கிறான், ராஜாவாக அல்ல. அரச உடை போட்டவுடன் அந்த உறவு அறுந்துபோனது.

அந்த ஆண்டு திருப்பூருக்கு வேறொரு துயரமும் இருந்தது. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஜனவரி இறுதியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டிருந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. சாயமில்லாமல் துணியில்லை, துணியில்லாமல் தையலில்லை. ஏராளமான தொழிலாளிகள் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். ஒரு நதியைக் காக்கவும் முடியாமல் ஒரு தொழிலை நடத்தவும் முடியாமல் ஊர் தவித்த அந்த மாதங்களில், நிலத்தையும் நீரையும் காத்த இரண்டு சகோதரர்களின் கதை தியேட்டருக்கு வந்திருந்தது. அந்த இரண்டையும் இணைத்துப் பார்க்கும் ஒரு காட்சிகூடப் படத்தில் இல்லை. நாட்டார் கதையை இன்றைக்குச் சொல்வது என்றால் இந்த இணைப்பைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

நூல் வியாபாரம் பெற்ற சாகசப் படங்கள்

சாகச நாயகனைச் சினிமாவுக்குக் கொண்டுவந்ததில் கொங்கு மண்டலத்துக்குப் பழைய உரிமை உண்டு, அதுவும் பஞ்சு நூல் வழியாக. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். ஆலையை நிர்வகிக்கும் ஒழுங்கில் ஸ்டுடியோவை நடத்தினார். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறியும் நாவல் 1950-இல் அங்கேதான் ‘திகம்பர சாமியார்’ என்ற படமானது, நம்பியார் பல மாறுவேடங்களில் மிரட்டினார். 1956-இல் வந்த வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அங்கிருந்து வந்ததே. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. பங்கஜா மில்லில் தொழிலாளியாக இருந்த சின்னப்பா தேவர் பின்னால் யானையையும் பாம்பையும் வைத்துப் படமெடுத்துப் பெரிய தயாரிப்பாளரானார்.

*பெட்டிச் செய்தி*
மலைக்கள்ளன்
கதை: நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை. படம்: கோவை பட்சிராஜா, 1954. இயக்கம்: எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. வசனம்: மு. கருணாநிதி. நடிப்பு: எம்.ஜி.ஆர்., பானுமதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். தெலுங்கில் என்.டி.ஆர். நடிப்பில் ‘அக்கி ராமுடு’, இந்தியில் திலீப் குமார் நடிப்பில் ‘ஆசாத்’, மலையாளத்தில் ‘தஸ்கரவீரன்’, கன்னடத்தில் ‘பெட்டத கள்ள’, சிங்களத்தில் ‘சூரசேன’ என்று எடுக்கப்பட்டது.

பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கள்ளன் எந்த நாட்டுக்கும் புதியவன் அல்ல. இங்கிலாந்துக்கு ராபின் ஹூட், அமெரிக்க வார இதழ்களில் 1919-இல் பிறந்த ஜோரோ. ஆனால் மலைக்கள்ளனின் வெற்றி எம்.ஜி.ஆர். என்ற நடிகரையே மாற்றியது. அவரது திரை முகமும் அரசியல் முகமும் ஒன்றாகத் தொடங்கிய இடங்களில் அது முக்கியமானது. ஆக, சாகச நாயகன் திரைக்கு வந்தால் அதன் விளைவு வசூலோடு முடிவதில்லை.

1956-இல் வந்த ‘மதுரை வீரன்’ இன்னும் ஆழமான உதாரணம். கொங்கின் அருந்ததியர் தெருக்களில் வீரன் குலசாமி. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அரசகுலத்தில் பிறந்து செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தான் என்று கதைப்பாடல் சொன்னதைப் படமும் சொன்னது. பிறப்பு மேல்குலம் என்ற அந்த ஒட்டுவேலை பிற்காலத்தில் சேர்ந்தது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. படம் வந்த பிறகு லட்சக்கணக்கானவர்களுக்கு வீரனின் முகம் எம்.ஜி.ஆரின் முகமானது. காலண்டரில் அந்த முகம். மண் சிலையிலும் அந்த மீசை. ஊருக்கு ஊர் வேறாக இருந்த வீரன் ஒரே அச்சில் வார்க்கப்பட்டான். என் கவலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நீலிக்குக் கிடைத்த நியாயம்

சினிமா எப்போதும் கதையைச் சுருக்கிவிடும் என்று சொன்னால் அது அநியாயம். 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம் ‘லோகா’வைப் பாருங்கள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலா’வில் கள்ளியங்காட்டு நீலி ரத்தம் குடிக்கும் யட்சி. கடமட்டத்துக் கத்தனார் அவளை மந்திரத்தால் அடக்குவார். இயக்குநர் டொமினிக் அருண் அதைத் திருப்பிப் போட்டார். படத்தில் அவள் ராஜாவின் ஆட்களால் குடும்பத்தை இழந்த பழங்குடிச் சிறுமி. கத்தனார் அவளுக்குத் துணை. யாரைப் பார்த்துக் கேரளம் நூற்றாண்டுகளாகப் பயந்ததோ அவள் பக்கம் நின்று கதையைச் சொன்னார்கள். படம் பெரிய வெற்றி. திருப்பூரிலும் தமிழ் டப்பிங் நன்றாக ஓடியது.

நீலி தமிழுக்கும் அந்நியமல்ல. பழையனூர் நீலியை நாம் இன்னும் பேயாகத்தான் வைத்திருக்கிறோம். நமக்குள்ள நீலிகளை நாம் எப்போது விசாரிக்கப் போகிறோம்?

2022 செப்டம்பர் 30-ஆம் தேதி இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய தொடர்கதையிலிருந்து மணிரத்னம் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம். எம்.ஜி.ஆர். காலம் தொட்டுப் பலர் எடுக்க நினைத்துக் கைவிட்ட கதை. இன்னொன்று, துளு நாட்டு ஊர்த் தெய்வங்களான பஞ்சுருளி, குளிகாவை வைத்து ரிஷப் ஷெட்டி எடுத்த ‘காந்தாரா’.

முதல் படம் புத்தகக் கடைகளை நிரப்பியது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வந்தியத்தேவன் போன வழியில் சுற்றுலா அறிவித்தது. இரண்டாவது படத்தின் விளைவு வேறு தளத்தில் நடந்தது. அடுத்த மாதமே கர்நாடக அரசு, 60 வயது கடந்த தெய்வ நர்த்தகர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அதுவரை அரசாங்கக் கோப்பில் இடமில்லாத ஒரு கலைக்கூட்டம் ஒரே சினிமாவால் கண்ணில் பட்டது.

மறுபக்கமும் உண்டு. 2025-இல் அடுத்த பாகம் வந்தபோது ரசிகர்கள் தெய்வ வேடம் போட்டுக்கொண்டு தியேட்டருக்குள் ஆடினார்கள். கோலம் கட்டும் குடும்பங்கள் மனம் நொந்தன. வேண்டாம் என்று படக்குழுவே அறிக்கை விட நேர்ந்தது. படுகளத்தில் விழுந்து எழுவது ஒருநாள் இன்ஸ்டாகிராம் விளையாட்டாகிவிட்டால் நாம் யாரிடம் போய்ச் சொல்வோம்?

யாருடைய சங்கர்?

அண்ணன்மார் கதையைத் தொடும் இயக்குநருக்கு முதல் முள் சாதி. கொங்கு வேளாளர்கள் பொன்னர்-சங்கரைத் தங்கள் முன்னோராகக் கும்பிடுகிறார்கள். கதையில் எதிரிகளாக வரும் வேடுவர்களின் வழித்தோன்றல்களாகத் தங்களைக் கருதும் மக்களும் இதே மண்ணில், இதே கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். தலையூர்க் காளியை வில்லனாகப் பார்க்காத மரபும் இங்கே இருக்கிறது. வேடுவர் வீட்டிலும் ஒரு தங்கை இருக்கிறாள். அவளுடைய அண்ணன்மாரும் சாகிறார்கள். அவள் ஒப்பாரியை எந்தப் படமும் இதுவரை கேட்கவில்லை.

பிறகு சாம்புகன். பறை முழக்கி, படைக்கு முன்னால் நடந்து, சங்கரோடு பன்றி வேட்டைக்குப் போய், களத்தில் கூடவே நின்றவன். வீரப்பூர் வேடபரியில் இன்றும் முரசு கொட்டி முன்னே செல்லும் இடம் அவனுடையது. கோயில் மரபு கொடுத்த முதலிடத்தைச் சினிமா கொடுக்குமா, பக்கத்தில் நின்று சிரிக்க வைக்கும் துணைப் பாத்திரமாக்கிவிடுமா? புதிதாகச் சொல்ல வருகிறவர் சாம்புகன் கண்ணால் இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கலாம். தங்காளின் கண்ணாலும் சொல்லலாம், ஏனென்றால் சண்டை எல்லாம் முடிந்தபின் பிணங்களுக்கு நடுவே நிற்பவள் அவள்தான்.

காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் பிறந்து, ஓடாநிலையில் கோட்டை கட்டி, 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் கதையிலும் இதே சிக்கல் உண்டு. அவருக்குத் துணைநின்று உயிர்கொடுத்த அருந்ததியர் வீரர் பொல்லானின் பெயர் பல ஆண்டுகள் போராடித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லாத படம் பாதிப் படம் என்பேன்.

உடுக்கைப் பாடகர் இந்தச் சிக்கலை அழகாகக் கையாள்வார். வேடுவர் அதிகம் உள்ள ஊரில் பாடினால் அந்தப் பகுதியை மரியாதையோடு நீட்டுவார். சாம்புகன் வம்சத்தார் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அவன் வீரத்துக்குக் கூடுதலாக ஒரு நாழிகை கொடுப்பார். முகம் பார்த்துப் பாடுகிற கலை அது. கேமராவால் முகம் பார்க்க முடியாது. ஒருமுறை எடுத்தால் எல்லா ஊருக்கும் அதே கதைதான். அதனால் எழுதும்போதே எல்லா முகங்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரும்புக்கைக்கு உரிமையாளர் உண்டு

இன்னொரு பக்கம் காகித நாயகர்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். எழுபதுகளில் வாடகை நூலகத்தில் காசு கொடுத்து அவனை வாசித்த பையன்கள்தான் இன்று திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்தும் தாத்தாக்கள். கிணத்துக்கடவில் வளர்ந்த லோகேஷ் கனகராஜ் மாயாவியைத் தன் கனவுப் படமாகப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் எழுதிய ‘வேள்பாரி’ நாவலைப் படமாக்கும் உரிமை இயக்குநர் ஷங்கரிடம் இருக்கிறது. அந்த நூல் லட்சம் பிரதி விற்றதை 2025-இல் ரஜினிகாந்த் முன்னிலையில் விழாவாகக் கொண்டாடினார்கள்.

வேள்பாரிக்கு எழுத்தாளர் இருக்கிறார், ஒப்பந்தம் போடலாம். அதன் காட்சிகளை வேறொருவர் எடுத்தால் வழக்குப் போடலாம். மாயாவிக்கும் உரிமைதாரர் உண்டு. பொன்னர்-சங்கருக்கு யார் உண்டு? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவரைத் தேடும். 1994 திருத்தம், நிகழ்த்துகிற கலைஞருக்கு அவர் நிகழ்ச்சியின் பதிவு மீது உரிமை கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்த கதையின் மீது பாடகருக்கு எந்த உரிமையையும் சட்டம் கொடுக்கவில்லை. நாளை ஒரு பெரிய நிறுவனம் நூறு கோடியில் இதை எடுத்தால், பதினெட்டு இரவு தொண்டை கிழியப் பாடுகிறவருக்கு ஒரு டிக்கெட்கூட இலவசமாகத் தரவேண்டிய கட்டாயமில்லை.

திருப்பூருக்கு இது நன்றாகப் புரியும். இங்கே தைக்கும் டி-சர்ட்டின் கழுத்துப் பட்டையில் வெளிநாட்டு பிராண்டின் பெயர்தான் இருக்கும். தைத்தவர் பீஸ் ரேட் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த நியாயமே கதைக்கும் நடக்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

இந்த ஊரில் சினிமாவுக்கு ஞாயிறுதான் திருநாள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை துணி துவைத்தல், மதியம் கறிச்சோறு, சாயங்காலம் படம். இப்போது அந்த வரிசையில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்களும் நிற்கிறார்கள். கொங்குக் கதை அவர்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மழைக்காலத்தில் டோலக் அடித்துப் பாடும் ஒரு வீரக்கதை இருக்கிறது. ஆல்ஹா, ஊதல் என்ற இரண்டு சகோதரர்களின் கதை. அதிலும் போர், அதிலும் பழி. நம் பேட்லாக் மிஷினுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் பையன் தன் தாத்தாவிடம் அதைக் கேட்டு வளர்ந்திருக்கலாம். டீ நேரத்தில் ஒருமுறை பொன்னர்-சங்கரைச் சொல்லிப் பாருங்கள். அவன் ஆல்ஹாவைச் சொல்வான்.

இப்படி ஒரு கூட்டத்துக்காக எடுக்கப்படும் அண்ணன்மார் படம் சாதிப் பெருமைக்குள் சுருங்கிவிட முடியாது. மண்ணை விட்டு வந்தவனுக்கும் மண்ணைக் காத்தவனுக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். அப்படி எடுத்தால் அது ஓடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எடுப்பதற்கு முன்

எனவே சில கோரிக்கைகள். இயக்குநர்களே, அண்ணன்மார் கதையை எடுக்க வரும்போது புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். பதினெட்டு இரவும் உட்கார்ந்து கேளுங்கள். மூன்று ஊரில் மூன்று பாடகரிடம் கேளுங்கள். கேட்டவர்களின் பெயரை உங்கள் பெயருக்கு முன்னால் திரையில் போடுங்கள். லாபத்தில் ஒரு பங்கைப் பாடகர் குடும்பங்களுக்கு ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள்.

அரசுக்கு: நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. உடுக்கடிப் பாடகர்களை ஊர் ஊராகத் தேடி அதில் சேர்க்க வேண்டும். வேளாளர் வடிவம், வேடுவர் வடிவம், அருந்ததியர் நினைவில் உள்ள வடிவம் என்று எல்லாவற்றையும் முழுமையாக ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். 1965-இல் ஒரு வெளிநாட்டு மாணவி தனியாளாகச் செய்ததை இன்று ஒரு மாநில அரசு செய்ய முடியாது என்பதை ஏற்க முடியாது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் இதற்குக் கைகொடுக்கலாம். சுந்தரம் ஜவுளி படித்துவிட்டு ஸ்டுடியோ கட்டிய மண்டலம் இது.

வாசகர்களுக்கு: இந்த மாசியில் வீரப்பூரில் வேடபரி நடக்கும். அதற்கு முன்னும் பின்னும் கொங்கு ஊர்களில் எங்காவது உடுக்கை ஒலிக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். செல்போனில் எடுப்பதாக இருந்தால் அனுமதி கேட்டு எடுங்கள். விடிந்ததும் பாடியவரிடம் போய் அவர் பெயரையும், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.